சோம்பல் என்ற பட்டம் வேண்டாம்

"உடம்பெல்லாம் நோவுது" என்று தோட்டத்திலே ஒருவர் சொன்னால் அவருக்குக் கிடைக்கும் பதில் நமக்குத் தெரியாததல்ல. "யாருக்குத்தான் நோவல? போ, போய் நிரையில ஏறு" என்பார் மண்டோர். "ரத்தத்தில் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை" என்று சொல்லிப் பத்து மாத்திரைகளைக் கையிலே கொடுத்தனுப்புவார் கிளினிக் டாக்டர். வீட்டுக்கு வந்தால் மாமியார் மிளகாய் சுற்றிப் போடுவார். இவ்வளவும் நடந்த பிறகு, மறுநாள் விடியுமுன்னே தலைவிளக்கைத் தேடும்போது, அந்த நோவு அவருக்கு முன்னதாகவே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் வேலையில் வருகிற அலுப்பைப் பற்றி நாம் இங்கே எழுதவில்லை. அந்த அலுப்பு எல்லாருக்கும் உண்டு. வெந்நீரிலே குளித்து, சுடுசோறு தின்று, ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். போகாத நோவு ஒன்று இருக்கிறது. கழுத்திலே தொடங்கித் தோள், முதுகு, இடுப்பு, தொடை என்று இரண்டு பக்கமும் பரவி, மூன்று மாதம் கடந்தும் நீங்காமல் நிற்கிற நோவு அது. இரவெல்லாம் படுத்திருந்தும் எழும்போது அடித்துப் போட்டது போலிருக்கும். சொல்லவந்த சொல் மறந்துபோகும். பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்தால்கூட "ஐயோ" என்று அலறத் தோன்றும். வீக்கம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஆள் நன்றாகவே இருப்பார். இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பைப்ரோமயால்ஜியா. நார், தசை, நோவு என்று பொருள்படும் மூன்று பழைய ஐரோப்பியச் சொற்களைச் சேர்த்துச் செய்த பெயர். நூறு பேரிலே இரண்டு முதல் நான்கு பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கின்றனர். பெண்களுக்கே அதிகம் என்றாலும் ஆண்களை அது விட்டுவைப்பதில்லை.

இது நேற்று முளைத்ததுமல்ல. 1904ஆம் ஆண்டிலேயே வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதையொத்த நோவுகளை ஆராய்ந்து, தசைநாரிலே அழற்சி இருக்கவேண்டும் என்று கருதி, 'பைப்ரோசைட்டிஸ்' என்று பெயரிட்டார். பின்வந்தவர்கள் தேடிப் பார்த்தும் அழற்சியைக் காணவில்லை. ஆகவே 1976இல் இப்போதைய பெயர் வந்தது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியார், உடம்பிலே பதினெட்டு இடங்களை விரலால் அழுத்தி, பதினோரு இடங்களிலாவது நோவு இருந்தால் இந்நோயே என்று விதி வகுத்தனர். 2010இல் அவர்களே அதை மாற்றி, நோவு பரவியிருக்கும் இடங்களோடு களைப்பு, தூக்கம், நினைவுத் தடுமாற்றம் இவற்றையும் கேட்டறிந்து முடிவு செய்யலாம் என்றனர். இவ்வளவையும் எழுதுவது படிப்பைக் காட்டுவதற்காக அல்ல. "அப்படியொரு வியாதியே கிடையாது" என்று மேசைக்கு அப்பால் உட்கார்ந்து யாராவது சொன்னால், ஆண்டைச் சொல்லிப் பதில் கொடுக்க நம்மவர்களுக்கு உதவட்டும் என்றுதான்.

இரத்தத்திலும் எக்ஸ்ரேயிலும் தெரியாத நோவு எங்கிருந்துதான் வருகிறது? பால் ஸ்டோரிலே இருக்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தராசு பிசகிவிட்டால் பத்துக் கிலோவை வைத்தாலும் இருபது என்று காட்டும். (குறைத்துக் காட்டும் தராசைத்தான் நாம் கண்டிருக்கிறோம், கூட்டிக் காட்டும் தராசை எந்த ஸ்டோரிலும் கண்டதில்லை. அது வேறு கதை.) தராசு காட்டியதை வாசித்துச் சொல்பவன் பொய்யன் ஆவானா? இந்த நோயிலே பிசகியிருப்பது நரம்பும் மூளையும் சேர்ந்த அந்தத் தராசுதான். சாதாரணத் தொடுகையை அடியாகவும், சிறு அலுப்பைப் பெருநோவாகவும் அது கூட்டிக் காட்டுகிறது. தசை கிழியவில்லை, எலும்பு தேயவில்லை. ஆனால் நோவு மெய்யானது. "எல்லாம் மனசிலதான்" என்று சொல்வது தவறு. மனக்கவலையும் தூக்கக் கேடும் தராசை மேலும் பிசகச் செய்யும் என்பது மட்டும் உண்மை.

பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே நாற்பது வயது கடந்த ஓர் அம்மாளை நாம் அறிவோம். பதினேழு வருஷமாகப் பால்வெட்டு. மரத்திலே காயம் படாமல் வெட்டுவதில் அவருக்கு இணை அந்தத் தீம்பாரிலேயே இல்லை என்பார்கள். இரண்டு வருஷமாக உடம்பெல்லாம் நோவு. கிளினிக்கிலே போட்ட ஊசிகளுக்குக் கணக்கில்லை. கடைசியாக அங்கே கிடைத்த வைத்தியம் ஒரு வார்த்தை: "மலாஸ்." சோம்பல் என்று பொருள். அந்த வார்த்தை கிளினிக்கிலிருந்து ஆபீசுக்கு வந்தது, ஆபீசிலிருந்து பெரட்டுக்கு வந்தது, பெரட்டிலிருந்து லயத்துக்கும் வந்து சேர்ந்தது. நோவைக்கூடப் பொறுத்துக்கொண்டவர் இந்த வார்த்தையைப் பொறுக்கமாட்டாமல், உடம்பு கொஞ்சம் இலேசாக இருந்த நாளெல்லாம் ஒன்றரை ஆள் வேலையைச் செய்து காட்டினார். அதன் பலன் என்ன ஆயிற்று என்பதுதான் நாம் சொல்லவந்த விஷயம்.

கிராணி வேலை பார்க்கிறவர்களுக்குச் செக்ரோலே ஒரு நாடித்துடிப்பு. இந்த அம்மாளின் வரியைப் பாருங்கள். இரண்டு நாள் முழுப்பேர், அதுவும் மற்றவர்களைவிடப் பால் அதிகம். பிறகு மூன்று நாள் வெறுமை. ஒருநாள் அரைப்பேர். மறுபடி இரண்டு நாள் முழுப்பேர். மறுபடி வெறுமை. நிர்வாகம் இந்த வரியைப் பார்த்து, "இஷ்டத்துக்கு வருகிறாள்" என்று சொல்கிறது. நோயை அறிந்தவர் பார்த்தால், நல்ல நாளிலே அளவுக்கு மீறி உழைத்து, அதன் விலையை அடுத்த மூன்று நாளிலே படுக்கையிலே கட்டுகிறார் என்று சொல்லிவிடுவார். இந்த ஏற்ற இறக்கம் நிற்காதவரை நோவும் நிற்காது. படுத்துக்கிடந்தால் தசை தளர்ந்து, அடுத்த நாள் வேலை இன்னும் நோகும். எழுந்து வெறிகொண்டு உழைத்தால் தராசு இன்னும் பிசகும். இரண்டுக்கும் நடுவிலே ஒரு வழி வேண்டும். அந்த வழியைக் கற்றுக்கொடுப்பதுதான் பிசியோதெரபி என்கிற இயன்முறை சிகிச்சை.

இங்கேதான் நம்மவர்கள் சிரிக்கிறார்கள். "விடிவதற்கு முன்னே தொடங்கி நானூறு ஐந்நூறு மரம் குனிந்து நிமிர்ந்து வெட்டுகிறோம், பால் தூக்குகிறோம், எங்களுக்கா உடற்பயிற்சி? துரைமாருக்குச் சொல்லுங்கள்!" இந்தக் கேள்வியைச் சிரிப்போடு விட்டுவிட முடியாது. இதற்குப் பதில் சொல்லாமல் இந்தச் சிகிச்சையைத் தோட்டத்திலே யாரும் ஏற்கமாட்டார்கள்.

வேலைக்கு அளவு வைப்பது யார்? பால் விடியற்காலையிலேதான் நன்றாக ஓடும். ஆகவே நேரத்தை மரம் வைக்கிறது. நிரையிலே எத்தனை மரம் என்பதை நிர்வாகம் வைக்கிறது. நேற்று மழை பெய்து வேலை கெட்டுப்போயிருந்தால் இன்று விரைந்து வெட்டவேண்டும் என்பதைக் குடும்பச் செலவு வைக்கிறது. உடம்பைக் கேட்டு வைத்த அளவு இதிலே ஒன்றாவது உண்டா? ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே மணிக்கட்டை மடித்து, கழுத்தை ஒரே திசையிலே திருப்பி ஐந்நூறு தடவை செய்கிற காரியம் உடம்பின் சில தசைகளை மட்டும் வாட்டுகிறது. மேல்வெட்டு என்றால் தலையை அண்ணாந்து கையை உயர்த்தியே நிற்கவேண்டும். மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் மரத்துக்கு மரம் வாளியைச் சுமப்பது கைதான். பயிற்சி என்பது இதற்கு நேர்மாறானது. இன்று உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அதற்குச் சற்றுக் குறைவாகவே தொடங்கி, நோவு கூடாதபடி மெல்ல மெல்ல ஏற்றுவது அது. கன்று நட்ட மறுநாளே யாராவது பால் வெட்டுகிறார்களா? ஐந்தாறு வருஷம் காத்து, மரத்தின் சுற்றளவை அளந்து பார்த்த பிறகுதானே உளி வைக்கிறார்கள்? மரத்துக்குக் காட்டுகிற பொறுமையை மனுஷ உடம்புக்கும் காட்டு என்பதுதான் இந்த வைத்தியம்.

ஆபீசிலே உட்கார்ந்திருக்கும் நம்மவர்களுக்கும் இதிலே பங்கு உண்டு. கம்ப்யூட்டர் முன்னே எட்டு மணி நேரம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரே தசையை வாட்டுவதுதான். அதிகம் ஆடினால் வருகிற துன்பமும் ஆடாமலே இருந்தால் வருகிற துன்பமும் இந்த நோயிலே ஒரே வாசலில் வந்து சேர்கின்றன.

பிசியோதெரபிஸ்டிடம் போனால் என்ன செய்வார்? முதல் நாள் பெரும்பாலும் கேள்விதான். எங்கே நோகிறது, எப்போது கூடுகிறது, எவ்வளவு தூரம் நடந்தால் மறுநாள் எழ முடியாமல் போகிறது என்று கேட்பார். குனியச் சொல்லி, நிமிரச் சொல்லிப் பார்ப்பார். பிறகு ஓர் அளவு வைப்பார். ஐந்து நிமிஷ நடை என்றால் ஐந்தே நிமிஷந்தான். லயத்திலிருந்து கோயில் வரை போய்த் திரும்புவதோடு சரி. உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும் அதற்கு மேல் போகக்கூடாது. நோகிற நாளிலும் கூடியவரை விட்டுவிடக்கூடாது. முன்னே சொன்ன அம்மாள் போன்றவர்களுக்கு இந்த முதல் பாதிதான் கடினம். பத்து நாள் அது பழகிய பிறகு ஒன்றிரண்டு நிமிஷம் கூட்டுவார்கள். இப்படியே ஏற்றி, வாரத்திலே இரண்டு மூன்று நாள் இருபது முப்பது நிமிஷம் நடக்கிற நிலைக்குக் கொண்டுவருவது ஒரு குறி. இதோடு கழுத்து, தோள், தொடையின் பின்புறம், கெண்டைக்கால் இவற்றை நீட்டிவிடும் பயிற்சி. பிறகு ரப்பர் பட்டையைப் பிடித்து இழுத்துத் தசைக்குப் பலமூட்டும் பயிற்சி. நாம் வெட்டிய பால் நமக்கே மருந்தாகத் திரும்பி வருகிறது என்று ஒரு தோழர் வேடிக்கையாகச் சொன்னார். வெந்நீர் ஒத்தடம், வெதுவெதுப்பான தண்ணீரிலே குளியல், மெல்லப் பிடித்துவிடுதல் இவையும் உண்டு. ஆனால் அவை அன்றைக்கு இதம் தருவன. நிலைத்த பலன் தருவது நாமாக அசைகிற அசைவுதான்.

முதல் இரண்டு வாரம் நோவு சற்றுக் கூடுவதும் உண்டு. இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் இரண்டாம் தடவை போவதில்லை. பலன் தெரிய ஆறு வாரமாகலாம், மூன்று மாதமும் ஆகலாம். நோவு அடியோடு ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்பவர் யாராயினும் நம்பவேண்டாம். ஓரளவு குறையும், தூக்கம் சீர்படும், நாளைக்கு எழுந்திருக்க முடியும் என்ற தைரியம் வரும். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்பு இந்நோய்க்கான வைத்தியங்களையெல்லாம் ஆராய்ந்து 2016இல் பரிந்துரை வெளியிட்டபோது, உறுதியாகச் செய்யுங்கள் என்று முழு அழுத்தத்தோடு சொன்னது உடற்பயிற்சி ஒன்றைத்தான். மாத்திரைகளைச் சிலருக்குப் பயன்படலாம் என்ற அளவிலேதான் சொன்னது. 2018இல் அமெரிக்காவிலே 226 நோயாளிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தி, சீனர்களின் தாய்ச்சிப் பயிற்சி மற்றப் பயிற்சிகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தருவதைக் கண்டனர். புதுக்கிராமத்துத் திடலிலே காலை வேளையில் வயதான சீனத்து ஆண்களும் பெண்களும் கையை மெல்ல வீசி நிற்பதை நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறோம். அது வெறும் வேடிக்கையல்ல.

ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீக்கத்தைக் குறைக்கும் ஊசியும் மாத்திரையும், வீக்கமே இல்லாத இந்நோயிலே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அடிக்கடி எடுத்தால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. அதைவிடப் பொல்லாதது, சந்தையிலே பொட்டலமாக விற்கும் நோவுப் பொடி. ஒரே நாளிலே நோவு பறந்தது என்பார்கள். அப்படிப்பட்ட சரக்குகளிலே ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதைக் கண்டு சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. முகம் வீங்கி, எலும்பு பலமிழந்து, சர்க்கரை ஏறி, ஒருநாள் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியும் சரக்கு அது.

எல்லா நோவும் இந்நோயல்ல என்பதையும் மறக்கவேண்டாம். தைராய்டுக் கோளாறு, இரத்தச் சோகை, மூட்டுவாதம் இவையும் உடம்பு நோவாக வரும். ஆகவே முதலிலே டாக்டர் பார்த்து அவற்றை விலக்கவேண்டும். மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் தொடர்ந்தாலோ, உடம்பு காரணமின்றி மெலிந்தாலோ, ஒரு கையோ காலோ மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ நடையும் வேண்டாம், நீட்டலும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கிலே குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம். அங்கிருந்து டாக்டர் கடிதம் கொடுத்தால் பெரிய ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பகுதிக்குப் போகலாம். தனியாரிடம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பிசியோதெரபிஸ்டுகள் பதிவு பெறவேண்டியவர்கள். கையிலே எண்ணெய் வைத்திருப்பவரெல்லாம் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிடமாட்டார்.

இதுவரை வைத்தியத்தின் பேச்சு. இனிமேல் சங்கத்தின் பேச்சு. ஆஸ்பத்திரியிலே அப்பாயின்மென்ட் காலை ஒன்பது மணி. பால்வெட்டும் காலையிலேதான். பிசியோதெரபிக்குப் போய்வந்தால் வழக்கமாகக் கிடைப்பது எம்.சி. அல்ல, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இங்கே இருந்தார் என்கிற ஒரு துண்டுச் சீட்டு. மாதச் சம்பளக்காரர் அந்தச் சீட்டை நீட்டிவிட்டு நாற்காலியிலே உட்கார்ந்துவிடலாம். பால்வெட்டுத் தொழிலாளிக்கோ இரண்டு மணி நேரச் சீட்டு ஒரு முழுநாளைத் தின்றுவிடுகிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி வருஷத்துக்கு 14, 18, 22 நாள் என்று சேவைக்காலத்துக்கேற்பச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆனால் அது எம்.சி. உள்ளவருக்கு. நோவிலே சுருண்டு படுத்தால் சம்பளம் உண்டு, நோவைக் குறைக்கப் பயிற்சிக்குப் போனால் சம்பளம் இல்லை என்றால், ஏழைத் தொழிலாளி எதைத் தேர்ந்தெடுப்பான்? இதை நியாயம் என்று எந்த நிர்வாகி எழுந்து சொல்லட்டும், கேட்போம்.

நாம் கேட்பது பெரிதல்ல. டாக்டர் கடிதத்தோடு பிசியோதெரபிக்குப் போகிறவருக்கு அந்தச் சீட்டைக் கொண்டு அரைப்பேராவது போடவேண்டும். பயிற்சி நடக்கிற முதல் சில வாரங்களுக்கு நிரையைக் குறைத்துக் கொடுத்து, பிறகு படிப்படியாகப் பழைய நிலைக்கு ஏற்றவேண்டும். மேல்வெட்டிலிருந்து அவர்களை மாற்றவேண்டும். மரம் குறைந்தால் வருமானமும் குறையுமே என்று தொழிலாளி கேட்பது நியாயந்தான். அந்தக் குறைவை ஈடுசெய்வது எப்படி என்பதைப் பேச்சுவார்த்தையிலேதான் தீர்க்கவேண்டும். நிர்வாகத்துக்கு இதிலே நஷ்டமா? கை நடுங்குகிறவர் வெட்டினால் உளி பட்டையைத் தாண்டிக் கட்டையிலே இறங்கும். அந்தக் காயம் புடைத்து, மறுபடி வளரும் பட்டையிலே ஒழுங்காக வெட்ட முடியாமல் போகும். காயம்படாமல் வெட்டத் தெரிந்த ஒருவரை மூன்று மாதப் பொறுமையினால் காப்பாற்றிக்கொள்வது லாபமா, புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து மரத்தைக் கெடுத்துப் பழகவிடுவது லாபமா? கணக்கு எழுதுகிற நமக்கே விடை தெரிகிறது.

சொக்சோ நிறுவனம் 2007 முதல் 'மீண்டும் வேலைக்கு' என்ற திட்டத்தை நடத்துகிறது. வேலையிலே காயம்பட்டவர்களுக்கும், உடல் இயலாமைக்கு மனுச் செய்தவர்களுக்கும் உரியது அது. 2014இல் மலாக்காவிலே அந்நிறுவனம் மறுவாழ்வு மையம் ஒன்றையும் திறந்தது. நோய் முற்றி வேலையை விடும் நிலைக்கு வந்தவர்கள் இராஜினாமாக் கடிதத்திலே கையெழுத்துப் போடுமுன்னே இதைப் பற்றி விசாரிக்கவேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு சங்கத்துக்கு ஓடிவந்தால் சங்கத்தின் கையும் கட்டப்பட்டுவிடுகிறது.

கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்திலே இந்தச் சீட்டு விஷயத்தை எழுப்பவேண்டும். நோவுள்ளவர்களின் பெயரைக் கூட்டத்திலே கேட்கவேண்டாம். ஏற்கெனவே சோம்பல் பட்டம் சுமப்பவர்கள் அங்கே கையைத் தூக்கமாட்டார்கள். மாதர் பகுதிப் பொறுப்பாளரிடம் தனியே சொல்லட்டும். இப்போதிருந்தே ஒவ்வொருவரும் டாக்டர் கடிதம், அப்பாயின்மென்ட் அட்டை, துண்டுச் சீட்டு இவற்றின் நகலைச் சேர்த்து வைக்கவேண்டும். எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் போயிற்று என்ற கணக்கு நம் கையிலே இருந்தால்தான் மேசையிலே பேச்சு நிற்கும். நகல் எடுக்கும் இயந்திரம் தோட்டத்து ஆபீசிலே இருக்கிறது. கிராணியிடம் கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்.